ஒரு புள்ளிக்கு ஓர் அறை

(காரைக்குடியில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, வேலை முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலை பார்த்தவர். அவர்கள் உழைப்பில் படித்து, முப்பது வருஷமாக இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு கட்டிக்கொடுத்து வருகிறேன். வீட்டுப் பற்றாக்குறை பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு சாவிக்கொத்துதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீட்டுக்கு ஓடு மாற்ற எஸ்டிமேட் போடப் போயிருந்தேன். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். காவலுக்கு இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கையில் இருந்த கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத்தில் துணி கட்டியிருந்தது. சிவப்பு ஒரு பங்காளிக்கு, மஞ்சள் இன்னொரு பங்காளிக்கு. முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். தேக்குத் தூணில் கை வைத்தால் எண்ணெய் தடவியது போல வழுவழுப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தார்.

வேலை முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. “வீடு பக்கந்தான், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க சார்” என்று கூட்டிப்போனார். ஊருணிக் கரையைத் தாண்டி, கல்நார் ஓடு போட்ட ஒரே அறை. என் கண் பழக்கத்தில் அளந்தேன், பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டு மகன்கள், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. அறையின் நடுவே ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பழைய சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் இளையவன் குடும்பம், இந்தப் பக்கம் மூத்தவன் குடும்பம். அவர் மனைவி பேத்தியோடு அடுப்புச் சாய்ப்பில் படுத்துக்கொள்கிறார்.

“அப்ப நீங்க?” என்றேன்.

“செட்டியார் வீட்டுத் திண்ணைதான். படுக்க எடம் வேணும்னுதான் சார் இந்த வேலைக்கே வந்தேன்.”

டீயை என்னால் உடனே குடிக்க முடியவில்லை.

சரி. இப்போது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்துக்கு வருகிறேன். “தெருத் தெருவா வீடு பூட்டிக் கிடக்கு, இதுல புது வீடு எதுக்கு?” படித்தவர்களும் கேட்கிறார்கள், டீக்கடையிலும் கேட்கிறார்கள். நாடு முழுக்கவும் இதே கேள்விதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு ஒன்று, நகர்ப்புறத்தில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்குச் சொன்னது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு வருமானம் குறைந்த குடும்பங்களுடையது. தமிழ்நாட்டின் பங்கு 12.5 லட்சம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் குழப்பம் வரும். காலி வீட்டையெல்லாம் திறந்துவிட்டால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடாதா?

அந்தக் குழு பற்றாக்குறையை எப்படிக் கணக்கிட்டது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 1.88 கோடியில் வீடே இல்லாமல் தெருவில் இருப்பவர்கள் ஐந்து லட்சம் சொச்சம். கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி குடும்பங்களின் கணக்கு நெருக்கடிக் கணக்கு. அதாவது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, ஆனால் கல்யாணமான ஒரு ஜோடிக்குத் தனி அறை இல்லை. காவல்காரர் வீட்டுச் சேலைத் திரை இருக்கிறதே, அதைத்தான் அந்தக் குழு எண்ணியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் ஊர் வழக்கம் ஒன்று நினைவு வந்தது. இங்கிருக்கும் ஆச்சிமார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால், ஒரே கூரைக்குள் வைத்தே அவனை ‘வேறு வைப்பார்கள்’. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒன்று அந்த ஜோடிக்கு. தனி அடுப்பு, தனிச் சமையல், தனிச் செலவுக் கணக்கு. நல்லது கெட்டதற்கு எல்லோரும் ஒரே முற்றத்தில் கூடுவார்கள். அந்த ஜோடியைக் கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’ என்று எழுதுவார்கள். ஆளை எண்ணாமல், கட்டடத்தை எண்ணாமல், கல்யாணமான ஜோடியை எண்ணும் கணக்கு அது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதைப் பழமொழியாகச் சொன்னதோடு விடாமல், செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி வைத்தவர்கள் இவர்கள். அந்த வளவு அறைகள் ஒன்றும் பெரியவை இல்லை. பலவற்றுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. ஆனால் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தாழ்ப்பாள் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

புள்ளிக் கணக்கோடு பார்த்தால், பூட்டிய வீட்டைத் திறந்தால் போதும் என்ற வாதம் நிற்காது. பெரிய வீடு ஒன்றுக்கு இருபது, முப்பது பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வாடகைக்கு விட முடியாது. வருஷத்தில் சில நாள் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் அந்த வீடு வேண்டும். அது குடும்பத்தின் கோயில் மாதிரி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்புறம் வேலை. வீடு இருக்கும் ஊரில் பிழைப்பு இல்லை என்றால் அந்த வீடு யாருக்கு உதவும்? ஜப்பானில் 2023-இல் எடுத்த கணக்கில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. கிராமங்களில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத வீடுகள் பல. அதே நாட்டில் டோக்கியோவில் புது அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. ஆள் தேவைப்படும் இடத்தில் வீடு தேவை. நம் பக்கத்தில் ஆள் தேவைப்படும் இடம் காரைக்குடி. பல்கலைக்கழகம் இருக்கிறது, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆஸ்பத்திரிகள், ஜவுளிக்கடைகள், பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்கள் புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

புது வீடு வேண்டாம் என்பவர்களில் இன்னொரு தரப்பும் உண்டு. ஊரின் அழகு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள். அவர்கள் பக்கம் நானும் பாதி நிற்கிறேன். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய சுவரை என் அப்பா தடவிப் பார்த்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண் தூணாக, கதவு கதவாக ஒரு வீட்டைப் பிரித்து விற்கப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பழைய தெருக்களில் இத்தனை அடிக்கு மேல் உயரக் கூடாது, முகப்பை இடிக்கக் கூடாது என்று விதி போடட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த விதியைச் சொல்லி ஊர் முழுவதையும் அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. 2024-இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். பெயிண்ட் அடித்த கல் நட்டு, கொடி கட்டி விற்ற மனைகளில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கிப் போட்டது. தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு எட்டும் தூரத்தில் அத்தனை இடம் சும்மா கிடக்கும்போது, வீட்டுக்கு இடமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

இங்கே சிங்கப்பூரைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் தெரியுமா? மார்க்கெட் தெருவில் கிட்டங்கி. நீளமான ஒரு கூடம். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் இடம். பகலில் அதுதான் வட்டிக்கடை, இரவில் அதுதான் படுக்கை. பெட்டியடிப் பையனாகப் போனவர், அடுத்தாளாகி, மேலாளாகி, அப்படிப் பெட்டியடியில் படுத்துச் சேர்த்த காசில்தான் இந்த வளவுகள் எழுந்தன. அதே சிங்கப்பூரில் 1960-இல் வீட்டு வசதி வாரியம் தொடங்கினார்கள். மறு வருஷம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீ பிடித்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வாரியம் முதல் ஐந்து ஆண்டில் 50,000-க்கு மேல் வீடு கட்டிக்காட்டியது. இன்று அங்கே குடியிருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வாரிய வீட்டில்தான் இருக்கிறார்கள். இங்கும் 1961 முதல் வீட்டு வசதி வாரியம் இருக்கிறது, 1970-இல் வந்த குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இருக்கிறது. நாமும் கட்டினோம். ஆனால் சென்னையில் ஆற்றங்கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தபோது, வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமாகிவிட்டது. காரைக்குடியில் கட்டப்போகும் எந்த வீட்டுக்கும் அந்த நிலை வரக் கூடாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இரண்டு மாடி, மூன்று மாடி வரிசை வீடுகள் போதும். வானத்தைத் தொட வேண்டாம்.

வாடகை வீடு பற்றி ஒரு வார்த்தை. சொந்த வீடு இருந்தால்தான் மரியாதை என்று நாம் பேசுகிறோம். எல்லோராலும் சொந்தமாகக் கட்ட முடியாது, எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. மூன்று வருஷம் படிக்க வருகிற பிள்ளைக்கு வாடகை அறை வேண்டும். வீட்டுக்காரர்களைக் கேட்டால், குடிவந்தவர் காலி செய்ய மாட்டார் என்று பயப்படுகிறார்கள். வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தால் இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு. பத்து மாச அட்வான்ஸ் கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு இந்த வழிக்கு வந்தால், காலியாகக் கிடக்கும் பல மாடிப் போர்ஷன்கள் நாளைக்கே திறக்கும்.

கடைசியாக அரசு வீடு. 2024-25-இல் கலைஞர் கனவு இல்லம் திட்டம் வந்தது. கிராமத்துக் குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்று இலக்கு. நல்ல திட்டம். அதைக் கட்டிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அந்த வீடு இன்றைக்கு ஒரு புள்ளிக்குச் சரி. பதினைந்து வருஷத்தில் பையனுக்குக் கல்யாணமானால் அங்கும் கயிறு கட்டிச் சேலை போடுவார்கள். அஸ்திவாரத்தை இன்னொரு மாடி தாங்கும்படி போட வேண்டும், மாடிப்படிக்கு இடம் விட வேண்டும். முதலிலேயே செய்தால் செலவு கொஞ்சந்தான் கூடும். பிறகு செய்ய வேண்டுமென்றால் வீட்டையே இடிக்க வேண்டிவரும். வார்டு கூட்டத்தில், கிராமசபையில், வீடு வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இந்த நூலகத்தில் உட்கார்ந்து நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன்.

அந்தக் காவல்காரரின் மூத்த மகனுக்குப் பட்டா இருந்தது, வீடு அனுமதியானது. மேற்பார்வைக்கு நான் போனேன். கான்கிரீட் போட்ட அன்று பெரியவர் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தோடு வந்து நின்றார். மூத்தவனும் இளையவனும் சட்டி தூக்கினார்கள். கலவை முடிந்து எல்லோரும் கை கழுவும்போது, நான்கு மூலையிலும் கம்பி இரண்டடி மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “இது என்ன சார், வெட்ட மறந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“இல்லய்யா, சின்னவருக்கு” என்றேன்.

அவர் ஏணியில் ஏறிப்போய் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, துரு ஏறாமல் இருக்க என்ன பூச வேண்டும் என்று கேட்டார். சிமெண்டுப் பால் பூசச் சொன்னேன். அன்று சாயங்காலமே பூசிவிட்டார்.