இலவச ஆபரேஷனும் வெள்ளெழுத்துக் கண்ணாடியும்

[திரையில்: தையல் மிஷின், நெருக்கத்தில் ஊசி]

கருநீலப் பேண்டுக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டார் தையல்காரர். வாடிக்கையாளர் சத்தம் போட்ட பிறகும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்புரை பெரும்பாலும் இப்படித்தான் ஒருவருடைய தொழிலுக்குள் நுழைகிறது. வலியும் கிடையாது, கண் சிவப்பதும் கிடையாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மங்கி, மஞ்சளாகி, பழுப்பேறுகிறது. நீல ஒளியை அது தடுத்துவிடுவதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அடுத்து, ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்து, ரவிக்கை தைக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

“புரை முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுதான். அன்று லென்ஸை உறையோடு எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அது கீழே விழுந்து உடைந்தால் மறுபடியும் எல்லாம் மங்கல். இன்று முற்றவிட வேண்டியதில்லை. முற்ற முற்ற லென்ஸ் கடினமாகி, சிகிச்சைதான் சிக்கலாகும்.

[திரையில்: விரல்நுனியில் செயற்கை லென்ஸ்]

மாற்று லென்ஸ் வந்த கதை சுவையானது. போர் விமானங்களின் கண்ணாடிக்கூரை சிதறி, அக்ரிலிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியிருந்தன. கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்தார் ஆங்கில மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949இல் லண்டனில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாமலேயே இருந்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பது அங்கே ஏற்பாடு. 1992இல், சேவா போன்ற அமைப்புகளின் உதவியோடு, ஆரோலேப் என்ற லென்ஸ் ஆலை மதுரையிலேயே அமைந்தது. லென்ஸ் விலை இறக்குமதி விலையில் சிறு பங்காகக் குறைந்தது. நன்கொடைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு கண்ணுக்கு மட்டும் கொடுக்காமல் ஆலைக்குக் கொடுத்தார்கள்.

சிகிச்சை சிறியது. கண்ணின் பக்கத்தில் மரத்துப்போக ஊசி. வெள்ளைவிழியில் ஆறு மில்லிமீட்டர் அளவில் ஒரு வழி. அதன் வழியாகப் புரை வெளியே, லென்ஸ் உள்ளே. தையல்கூட வேண்டாம், வெட்டு தானாக மூடிக்கொள்ளும். கைதேர்ந்தவர்கள் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

இலவசக் கண் முகாமிலிருந்து பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, சொட்டு மருந்து கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் நன்கொடைச் செலவில் சேரும். சேர வேண்டும். ஆபரேஷன் மட்டும் இலவசம் என்றால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். துணைக்கு வரும் மகனுக்கும் அன்றைய கூலி போகிறதல்லவா?

[திரையில்: பஸ் பலகை தெளிவாக, கையிலுள்ள ஊசி மங்கலாக]

பலரும் கவனிக்காத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பொருத்திய லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. பொதுவாகத் தொலைவுக்கென்றே அளவெடுப்பார்கள். தையல்காரருக்கு பஸ் பலகை பளிச்சென்று தெரியும், ஊசிக்காது தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, கண் ஆறியதும், மறுபடி சோதித்து வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தால்தான் அவர் மிஷினில் உட்கார முடியும். செலவில் மிகச் சிறியது இந்தக் கண்ணாடி. முகாமோடு கதை முடிந்துவிட்டால் கைவிடப்படுவதும் இதுதான்.

நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரும் அறிக்கையில் “செய்த அறுவைச் சிகிச்சைகள்” என்று ஒரு எண் கண்டிப்பாக இருக்கும். பணம் கொடுப்பவர்கள் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கலாம்: ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கண்ணாடி வாங்கிப்போனவர்கள் எத்தனை பேர்.