மலையில் ஒரு பட்டறை வேண்டும்

தலைமை வகிக்கும் அதிபர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்துவிட்ட பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கப் பெரியவர்களே, கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய சகோதரருக்கும், ஹட்டன் நகரில் இந்த மண்டபத்தைக் கேட்டவுடன் திறந்துவிட்டவர்களுக்கும் நன்றி.

ஏற்றுமதி, வேலைவாய்ப்பு, பயிற்சி என்று மூன்று விடயங்கள் பேச வந்திருக்கிறேன். சென்னைக்குப் பக்கத்தில், மறைமலை நகரில் ஃபோர்டு கம்பனியின் கார் ஆலை இருக்கிறது. அங்கே செய்த கார்கள் அமெரிக்கா வரைக்கும் கப்பலேறின. 2021இல், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று கம்பனி அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு விடவில்லை. 2024இல் முதலமைச்சர் ஸ்டாலின் அமெரிக்காவுக்கே போய்ப் பேசினார். அந்த ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாக அதே ஆண்டு செப்டம்பரில் கம்பனி கடிதம் கொடுத்தது. ஒரு கார்க் கம்பனிக்காக அரசாங்கம் ஏன் இத்தனை தூரம் அலைகிறது? ஒரு கார் கப்பலேறினால் டயர், கண்ணாடி, சீட், வயர் செய்கிற எத்தனையோ சின்னப் பட்டறைகளில் அடுப்பெரிகிறது. ஏற்றுமதியை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை வைத்த காலத்திலிருந்து அதைச் சுமந்த முதுகு நம்முடையது.

நம் இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். இங்கேயே வாகனம் பொருத்தலாம் என்கிறார்கள். பொருத்தட்டும். பொருத்துகிற கைகளில் மலையகத்துக் கை எத்தனை? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது ஐயா!

டிக்கோயாப் பக்கம் ஒரு கராஜில் பாஸுக்கு எடுபிடியாக ஒரு பையன் இருந்தான். தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். ஒருநாள் என் வேன் ஏற்றத்தில் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் இல்லை. பையன் ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரை எடுத்தான். முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். இங்கே வைத்தான், அங்கே வைத்தான், திரும்பவும் இங்கே வந்தான். நான் மூச்சுவிடாமல் நிற்கிறேன். "மூணாவது இன்ஜெக்டர் சேர்" என்றான். கழற்றிப் பார்த்தால் அதேதான்!

அவனை நானே ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். படிவம் சிங்களத்தில், வகுப்பும் சிங்களத்தில். தமிழில் இல்லை, அடுத்த வருஷம் வந்து பாருங்கள் என்றார்கள். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பஸ் ஹட்டனுக்கு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான்.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே கேட்கிறோம்: இந்த ஹட்டனில், தமிழில், பிள்ளையின் கையில் ஸ்பேனரைக் கொடுத்துச் சொல்லித்தருகிற ஒரு மோட்டார் பட்டறை. படித்து முடித்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தாய்மாரே, கையெழுத்து வராதென்று யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம்; பெருவிரலுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.