மடியில் கேட்ட தமிழ்

எல்லோருக்கும் வணக்கம். நூலக வாரத்துக்குப் பேச வரச் சொன்னார்கள். எதிரே பார்த்தால் பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறீர்கள். நல்லது, அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. அழுதால் அழட்டும், வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "இவனுக்கு இன்னும் எழுத்தே தெரியாதே சார், இப்பவே எதுக்குப் புத்தகம்?" முதலில் எழுத்து, அப்புறம் புத்தகம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். அந்த வரிசைதான் தப்பு.

வீட்டில் "பூன பால குடிச்சிருச்சு" என்கிறோம். புத்தகத்தில் "பூனை பாலைக் குடித்துவிட்டது" என்று இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு? இரண்டாவது, அது காதில் கேட்டே இராத தமிழ். ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததும் 247 எழுத்து ஒரு பக்கம் மிரட்டுகிறது. அதைத் தாண்டி கு, டி, த், த, து என்று எப்படியோ கூட்டி முடித்தால், வருவது வீட்டில் யாரும் பேசாத சொல். பிள்ளை விழிக்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "இன்னும் எழுத்தே வரலை." எழுத்து வந்துவிட்டது ஐயா, சொல்தான் அதற்குப் புதிது! மூன்று வயதிலிருந்து மடியில் உட்கார்ந்து 'ஓடியது', 'குடித்தது', 'என்று கேட்டது' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, 'குடி' வரை கூட்டினாலே மீதியைத் தானாகச் சொல்லிவிடும்.

ஆகவே கதையை ஒரு தடவை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். வாசிக்கும்போது விரல் வரியின் கீழே ஓடட்டும். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் 'க', பின்னால் ஒரு கால். கண்ணுக்கு மூன்று, வாய்க்கு ஒன்று. இதைச் சிலேட்டில் விளக்குவதைவிட, விரல் மூன்றையும் தாண்டிப் போகும்போது வாய் ஒரே ஒலியைச் சொல்வதைப் பிள்ளை பார்ப்பது சுலபம். அதே புத்தகத்தைப் பத்தாவது தடவை நீட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத்தான் அது பழைய கதை.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் இங்கே இருப்பீர்கள். படத்தைக் காட்டிச் சொல்லுங்கள், போதும். பக்கத்தை எந்தப் பக்கமாகப் புரட்டுவது என்பதும் ஒரு பாடம்தான்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறீர்கள். இங்கே உள்ளது உங்கள் காசு. 1948-லேயே நூலகத்துக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. அதற்கும் முன்னால், 1931-இல், நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி: புத்தகம் பயன்படுத்துவதற்கே. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி மாட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய ரொம்ப நாளானது. நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் குழந்தைகள் புத்தகமெல்லாம் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தது. கிழித்துவிடுவார்கள், கணக்கெடுக்க வந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். நானும் இரண்டு வருடம் அந்தச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன். சொல்ல வெட்கம்தான். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் அந்த மூக்குத் தடங்களைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. பீரோவைத் திறந்து, பாய் விரித்து, எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். கிழியத்தான் கிழிந்தது. மைதா பசை காய்ச்சி ஒட்டினோம்.

அந்தப் பாயில் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். கொத்து வேலை பார்க்கும் ஒருவர், சட்டையெல்லாம் சிமெண்டு, நாலு வயது மகளை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதோடு பள்ளியை விட்டவராம், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவித்தான் போனார். அந்தப் புத்தகத்தை அவள் அம்மா ஏற்கெனவே பல தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒரு சொல்லில் அவர் மாட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "குடித்துவிட்டது-ப்பா" என்றாள். அவர் விரலை வைத்து அந்தச் சொல்லை மறுபடி கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த வாரம் திருப்பித் தர வந்தவர், அதையே இன்னொரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு போனார்.

அதோ, சுவரோரம் பாய் விரித்திருக்கிறது. பிள்ளைகளை இறக்கி விடுங்கள்.