"தேவனுக்கு மனைவி இல்லையே, மகன் எப்படி?" – முஸ்லிம் தோழிக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "என் முஸ்லிம் தோழி, 'இறைவனுக்கு மனைவியே இல்லாதப்போ ஈஸா நபி (இயேசு) எப்படி மகனாக முடியும்?'னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?"

அவங்க உங்களை மடக்கணும்னு கேட்கலம்மா. குர்ஆன் 6:101-ல இதே கேள்வி இருக்கு. 112-வது சூரா (அத்தியாயம்), இக்லாஸ், "அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை"ன்னு சொல்லுது. சின்ன வயசுலேயே மனப்பாடம் பண்ணி, தொழுகையில ஓதுற சூரா அது. அதனால "தேவகுமாரன்"னு நாம சொன்னதும் அவங்களுக்குக் கேட்கிறது சரீர உறவு. அதை அவங்க மறுக்கிறாங்க. நாமும் மறுக்கிறோம்! அங்கிருந்தே ஆரம்பிங்க: "நீங்க மறுக்கிற அந்த அர்த்தத்துல நாங்களும் நம்பல."

அடுத்து லூக்கா 1:34, 35-ஐ அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க. "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே"ன்னு மரியாளே கேட்கிறாங்க. பரிசுத்த ஆவியினாலேன்னு தூதன் சொல்றார். கன்னிப் பிறப்பை குர்ஆனும் 19:20-ல ஒத்துக்குது, அதனால இதுல வாக்குவாதமே வராது.

சிக்கல் வர்றது நம்ம தமிழ் வேதாகமத்துல இருக்கிற ஒரு வார்த்தையால. யோவான் 3:16-ல "ஒரேபேறான குமாரன்". பேறுன்னா பெறுறதுதானே? இக்லாஸ் மறுக்கிற அதே சொல்! கிரேக்கத்துல அது "மோனோகெனேஸ்": தனக்கு ஒப்பில்லாத ஒரே ஒருவர். எபிரெயர் 11-ல ஈசாக்குக்கும் இதே சொல் வருது. ஆபிரகாமுக்கு இஸ்மவேலும் மகன்தானே, அதனால அங்க 'பெற்ற ஒரே பிள்ளை'ன்னு அர்த்தம் வராது. ஆனா இந்த ஈசாக்கு உதாரணம் உங்க புரிதலுக்கு மட்டும். அவங்ககிட்ட எடுத்தா, பலியிடக் கொண்டுபோனது ஈசாக்கையா இஸ்மவேலையான்னு பேச்சு திரும்பிடும்.

இன்னொரு தப்பும் நிறைய பேர் பண்றாங்க. குர்ஆன் 3:45 இயேசுவை இறைவனிடமிருந்து வந்த வார்த்தைன்னு சொல்லுதே, அதைக் காட்டி "உங்க வேதமே அவரைக் கடவுள்னு சொல்லுது"ன்னு அடிக்கிறது. வேண்டாம். 3:59-ஐத் திறப்பாங்க: ஆதாமைப் போலவே "ஆகு"ன்னு சொல்லிப் படைக்கப்பட்டவர்னு அங்க இருக்கு. அவங்க வேதத்தை நாம திரிச்சதா ஆகும், நம்பிக்கை போயிடும். "வார்த்தை"ங்கிறதை ஒரு வாசலா மட்டும் வெச்சுக்கிட்டு, யோவான் 1:1, 14-க்கு வாங்க. தேவன் தம்முடைய வார்த்தை இல்லாம இருந்த காலம் உண்டா? அந்த வார்த்தை மாம்சமானார்னு நாம ஏன் நம்புறோம்னு பொறுமையா சொல்லுங்க.

திரித்துவத்துல (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன்ங்கிற நம்பிக்கை) மரியாளும் ஒருத்தர்னு நினைச்சு அவங்க கேட்கலாம். குர்ஆன் 5:116 அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுக்கும். இல்லைன்னு தெளிவா சொல்லிட்டு, "கர்த்தர் ஒருவரே"ன்னு இயேசுவே சொன்ன மாற்கு 12:29-ஐக் காட்டுங்க.

இவ்வளவும் ஒரே நாள்ல பேசாதீங்க. பேசிக்கிட்டே போனா கடைசியில சிலுவைக்குத்தான் வரும். ரோமர் 1:4, உயிர்த்தெழுதலினாலே அவர் தேவகுமாரன்னு ரூபிக்கப்பட்டதா சொல்லுது. குர்ஆன் 4:157 அவர் சிலுவையில் அறையப்படவே இல்லைங்குது. உண்மையான பிரிவு அங்கதான். அதை மூடி மறைக்காம, அவங்க கேட்கிற அன்னைக்கு நேராப் பேசுங்க.