விசைப்பலகையின் மேல் ஒரு பூனை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் கணினி திருத்தும் தொழில் செய்கிறவன் என்பதால், வீட்டுக் கணினிகளுக்கு நேரும் கோளாறுகள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். வைரஸ், மின்னல், உள்ளே குடியேறும் எறும்பு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். ஆகவே, பேசாமல் விடப்பட்ட ஒரு காரணியை, அதாவது வீட்டுப் பூனையை, இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வன்னியில் நெல் மூட்டை அடுக்கிய வீட்டுக்கு எலி வரும், எலி வந்த வீட்டுக்குப் பூனை வரும். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் முகம் பார்த்துப் பேசுவதற்காகவும் அதே வீடுகளுக்குக் கணினியும் வந்து சேர்ந்திருக்கிறது. எலி பிடிக்க வந்த பூனைக்கு இப்போது கணினி மேசையில்தான் கூடுதலான அலுவல்.

"தம்பி, கொம்பியூட்டர் தலைகீழாய் நிக்குது" என்று ஓர் ஐயா ஒருமுறை வந்தார். திரையில் எழுத்தெல்லாம் கவிழ்ந்து தெரிந்தபடியால், அவர் மொனிட்டரையே தலைகீழாகக் கவிழ்த்துப் புத்தகங்களால் முண்டு கொடுத்துச் சில நாள் சமாளித்திருக்கிறார். சில கணினிகளில் கொன்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளுடன் கீழ்நோக்கிய அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் திரை அப்படியே கவிழ்ந்துவிடும். அதே இரண்டு விசைகளுடன் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் நிமிர்ந்துவிடும். இவை எல்லாமே விசைப்பலகையின் கீழ் ஓரத்தில் இருப்பவை. மனிதர் ஒருவர் தற்செயலாக இந்த மூன்றையும் ஒன்றாக அழுத்துவது கடினம், ஆனால் நீட்டி நிமிர்ந்து படுக்கும் பூனையின் வயிற்றுக்கு அது கடினமே அல்ல.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. வலது பக்கத்து ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால், நடுங்கும் விரல்களை உடையோருக்காக விண்டோஸில் வைக்கப்பட்டுள்ள ஒரு வசதியை இயக்கவா என்று கணினி கேட்கும். அதற்கு 'ஆம்' என்று சொல்லும் எண்டர் விசை ஷிஃப்டுக்கு நேர்மேலே இருப்பதால், தூக்கத்தில் காலை நீட்டும் பூனை அந்தச் சம்மதத்தையும் தந்துவிடக்கூடும். அதன்பின் விரைவாகத் தட்டும் எழுத்து எதையும் கணினி ஏற்காது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்க வருகிறவரிடம், வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

பூனை தமிழும் எழுதும். பாமினி முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும், நடு வரிசையில் ய, ள, ன, க, ப என்று இடமிருந்து வலமாக வரும், அதன் பிறகு துணைக்கால் வரும். துணைக்கால் விசையின் மேல் பூனை உட்கார்ந்தால், எந்த எழுத்தோடும் சேராத கால்கள் மட்டுமே பக்கம் பக்கமாக நிற்கும். அழுத்திப் பிடித்த விசை விநாடிக்கு முப்பது எழுத்துவரை இடக்கூடியது என்பதால், ஒரு கோழித்தூக்கத்துக்குள்ளேயே கோயில் திருவிழா அறிக்கை காணாமல்போய்விடும்.

இதையெல்லாம் நாம் குறும்பு என்கிறோம். பூனையின் பக்கம் நின்று பார்த்தால் காரணம் வெளிச்சமானது. பூனையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். உடலைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ பிரயத்தனம் எடுக்காமல் அது சுகமாக இருப்பது 30 பாகைக்கு மேலான சூழலில்தான். மார்கழி இரவில், வயல் வெளிக் காற்று வீட்டுக்குள் நுழையும்போது, அந்தச் சூடு கிடைக்கும் இடம் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி ஒன்றே. முன்பு அந்த இடம் விறகடுப்பின் சாம்பலாக இருந்தது. அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று பொருள். கணினியில் பூனை உறங்கினால் அங்கே படிப்பு ஏறவில்லை என்று தாராளமாகக் கொள்ளலாம். குளிர்நாடு ஒன்றில் பனியை உருக்குவதற்காகத் தானே சூடேறும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் அலைவாங்கித் தட்டின் மேல் ஐந்து பூனைகள் நெருக்கிப் படுத்திருந்த படமொன்று 2022 தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது.

சுகம் பூனைக்கு, சேதம் கணினிக்கு. மடிக்கணினியின் அடிப்பக்கத்தைத் திறந்தால், விசிறியும் வெப்பத்தை வெளியேற்றும் செப்புப் பகுதியும் சந்திக்கும் இடத்தில், மஞ்சள் முடியும் செம்புழுதியும் இறுகி, வெட்டியெடுத்த கம்பளித் துண்டுபோல ஒன்று கிடைக்கும். சாமணத்தால் பிடித்து இழுத்தால் முழுதாகவே வரும். அது காற்றை அடைப்பதால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, பிறகு சூடு தாங்காமல் அணைந்துவிடுகிறது.

சூடு மட்டும் காரணமல்ல. திரையில் ஓடும் சுட்டி, சிறிதாகவும் விரைவாகவும் அசைவதால், இரையைப் பின்தொடரும் கண்ணை இழுக்கிறது. திரையின் மூலையில் கன்னத்தைத் தேய்ப்பது அன்பு மட்டுமல்ல. கன்னத்துச் சுரப்பிகளால் அந்தப் பொருளுக்குத் தன் மணத்தைப் பூசும் வேலை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கவனத்தைக் குவிக்கும் இடத்துக்குப் பூனை வந்தால் நாம் அதைத் தூக்குகிறோம், பெயர் சொல்லி ஏசுகிறோம், தடவியும் விடுகிறோம். மேசையில் ஏறியதற்குச் சம்பளம் கிடைக்கிறது என்றுதான் அது கற்றுக்கொள்கிறது.

கணினிக்கு முன்னரும் இதுவே நடந்தது. குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் நகரில், 1445ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் மேல் மைதோய்ந்த பூனைப் பாதங்கள் இன்றும் இருக்கின்றன. நெதர்லாந்தின் டெவென்டரில், ஏறத்தாழ 1420இல், இரவில் திறந்து வைத்த ஏட்டின் மேல் பூனை சிறுநீர் கழித்துவிட, எழுதியவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பூனையின் படத்தையும் வரைந்து, பக்கத்தில் ஒரு சாபத்தையும் எழுதிவைத்தார். நம் காலத்தில் சாபத்துக்குப் பதில் மென்பொருள் வந்தது. அரிசோனாவின் கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவர், விசைகள் அழுத்தப்படும் விதத்தை வைத்தே பூனையை இனங்கண்டு, விசைப்பலகையைப் பூட்டி, பூனைக்குப் பிடிக்காத ஓசையை எழுப்பும் மென்பொருளை ஆக்கி, 2000ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசைப் பெற்றார். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

நம் வீடுகளுக்கு அவ்வளவு தேவையில்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையுடன் எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டுங்கள், அல்லது மடிக்கணினியை மூடுங்கள். பூனைக்குட்டி வயரைக் கடிக்கும் வீட்டில் மட்டும் அலட்சியம் வேண்டாம்; சுவரிலிருந்து சார்ஜருக்கு வரும் வயரில் 230 வோல்ட் ஓடுகிறது.

என் கடையில் பழுதாகிக் கிடக்கும் விசைப்பலகைகளைப் பூனைக்கென்றே கேட்டு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு பழைய சாரத்தை விரித்துவிட்டால் பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் பூனை நம்பவேண்டுமானால், இடைக்கிடை நாமும் அதில் நாலு எழுத்துத் தட்டிக் காட்டவேண்டியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.