கலைக்கு வேலை போய்விட்டது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்துப் பிடித்த இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மனித சமூகத்தில் கலையின் பங்கு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி செல்போனைத் தூக்கிக் காட்டி, "இதற்குள்ளே கோடிப் பாட்டு இருக்கிறது, கலை குறைந்துவிட்டது என்று எவர் சொன்னது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரி, இருக்கட்டும். என் வீட்டுப் பரணில் எட்டுக் குடை கிடக்கிறது. அதனால் எங்கள் ஊரில் மழை கூடிவிட்டது என்று சொன்னால் நடுவர் ஒப்புக்கொள்வாரா?

தலைப்பில் இருக்கும் சொல் 'பங்கு'. எவ்வளவு கலை குவிந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? அதைச் சொல்லுங்கள்.

ஏற்றம் இறைத்த காலத்தைப் பாருங்கள். மேலே ஏற்றமரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே கிணற்றடியில் ஒருவர் சால் என்ற நீர் இறைக்கும் பாத்திரத்தைப் பிடித்துக் கவிழ்ப்பார். இரண்டு பேரையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்தது பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடும். கடிகாரமும் அதுதான், கணக்குப்பிள்ளையும் அதுதான். ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திய பாட்டுக்கு அடுத்த அடி என்னவென்று தெரியாமல் கம்பரே தவித்தார் என்று கதை சொல்வார்கள். அப்புறம் பம்புசெட் வந்தது. மோட்டாருக்குப் பாட்டு எதற்கு? யாரும் தடை போடவில்லை. வேலை இல்லை, போய்விட்டது. முதுகு ஒடிய இறைத்தவர்களைக் கேட்டால் மோட்டாருக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். அதில் எனக்கும் சண்டை இல்லை.

காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே குழந்தை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மேலே இருப்பவர் நேற்று டீக்கடையில் கடன் சொன்னவர்தான். ஆனால் அந்த ராத்திரி அவர் அர்ச்சுனன். கீழே நிற்பவள் ரசிகை இல்லை, டிக்கெட் வாங்கியவளும் இல்லை. "கூத்து எப்படி இருந்தது?" என்று அவளைக் கேட்டால் கேள்வியே அவளுக்குப் புரியாது.

இன்றைக்கும் அது நடக்கிறது, மறுக்கவில்லை. அதே கூத்து நகரத்து மேடைக்கு வரும்போது பாருங்கள். விடிய விடிய ஆடுவதை, "ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், சிறப்பு விருந்தினர் பேச வேண்டும்" என்கிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நாலு நையாண்டி பேசுவதற்குள் பொன்னாடை வந்துவிடுகிறது. நாமும் ஆசையாகத்தான் பார்க்கிறோம், படம் பிடிக்கிறோம். மடியேந்தி நிற்க அந்த அரங்கில் ஒருவரும் இல்லை.

கலையைக் கண்டு அரசாங்கமே பயந்த காலமும் இருந்தது. நாடகங்களை அடக்கவென்றே 1876இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. முருகன் வேடத்தில் மேடையேறி விடுதலைப் பாட்டுப் பாடியதற்காக நாடக நடிகர் விசுவநாததாஸ் எத்தனையோ முறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்த 1876 சட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னால் காலாவதியான சட்டங்களோடு சேர்த்து நீக்கிவிட்டார்கள். சினிமாவுக்குத் தணிக்கை இருக்கிறதே என்பார்கள் எதிரணியில். இருக்கிறது. நாடகத்துக்குத்தான் இப்போது போலீஸ் வருவதில்லை. போலீஸ் என்ன, யாருமே வருவதில்லை.

ஒப்பாரிக்கு வருகிறேன். பாடுகிறவள் செத்தவருக்காக மட்டுமா அழுதாள்? புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாதவள், மாமியார் பேசிய பேச்சையும் அண்ணன் செய்யாத சீரையும் அன்றைக்குத்தான் ஊரே கேட்கப் பாடுவாள். சாவு வீட்டில் பாட்டை நிறுத்து என்று யார் சொல்ல முடியும்? பஞ்சாயத்தில் அவளுக்குக் கிடைக்காத இடம் அந்தப் பாட்டில் கிடைத்தது.

போன வருடம் எங்கள் பெரியப்பா இறந்தார். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர்களே ஸ்பீக்கரும் பென் டிரைவும் கொண்டுவந்தார்கள். ஒப்பாரி ஓடியது. கணீரென்ற குரல், குறை சொல்ல முடியாது. என்ன, அந்தக் குரல் "பெத்தவளே, பெத்தவளே" என்று ஒரு தாய்க்காக அழுதுகொண்டிருந்தது. கிடந்தவரோ பெரியப்பா. அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் அதை மாற்றச் சொல்லவில்லை. நானும்தான்.

வணக்கம்.