கத்தி என்று யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கற்கருவியின் விளிம்புத் தேய்மானத்தைப் படித்து, அது என்ன வேலை செய்தது என்று கண்டறியும் துறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நெல் அறுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அரிவாள் எவ்வளவு சீக்கிரம் மழுங்கிப்போகும் என்று. நெல் தாளுக்குள் இருக்கும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கடினமான பொருள்தான் காரணம். இரும்பை மழுக்கும் தாள், கல்லைப் பளபளப்பாக்கிவிடுகிறது. மேற்கு ஆசியாவில் பயிர்த்தொழில் தலையெடுத்த காலத்தைச் சேர்ந்த கல் அரிவாள் அலகுகளில், விளிம்பை ஒட்டி எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு ஓடும். அதைக் காண நுண்ணோக்கிகூட வேண்டாம். வெயிலில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

ஆனால் இறைச்சி அறுத்த கல், தோல் சுரண்டிய கல் என்று வரும்போது வெறுங்கண் தோற்றுவிடுகிறது.

சுரண்டி, கத்தி, துளைப்பான் என்றெல்லாம் பழைய கற்கருவிகளுக்கு நாம் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் உருவத்தைப் பார்த்து வைத்தவை. நம் வீட்டு அரிவாள்மனையில் மீனும் அறுக்கிறோம், வெண்டைக்காயும் அறுக்கிறோம். அதன் உருவத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மீன் தெரியுமா? லெனின்கிராடில் பணியாற்றிய தொல்லியலாளர் செர்கெய் செமியோனவ் உருவத்தை ஒதுக்கிவைத்து, விளிம்பின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நுண்கீறல்கள் விளிம்புக்கு இணையாக ஓடினால் அந்தக் கல் அறுத்திருக்கிறது. செங்குத்தாக ஓடினால் சுரண்டியிருக்கிறது. அவருடைய ருஷ்ய நூல் 1957இல் வந்தது. 1964இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே இந்தத் துறை மேற்குலகில் பரவியது.

அடுத்து வந்த அமெரிக்கத் தொல்லியலாளர் லாரன்ஸ் கீலி, எதை அறுத்தது என்றும் சொல்ல முடியும் என்றார். ஏறக்குறைய 200 மடங்கு பெருக்கத்தில், மேலிருந்து ஒளி விழும்படி வைத்துப் பார்த்தால், மரம் வேலை செய்த விளிம்பு வழவழப்பாக ஒளிர்கிறது. எலும்பு பட்ட இடம் பளிச்சென்று இருந்தாலும் அதில் சிறு குழிகள் தெரிகின்றன. காய்ந்த தோல் விளிம்பையே உருட்டி மங்கலாக்கிவிடுகிறது. இறைச்சி விட்டுச்செல்லும் தடயம்தான் மிகவும் மெல்லியது. நானே ஒருமுறை புதிதாக உடைத்த செர்ட் (நுண்மணிகளாலான கடினமான கல்) சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தொடைக்கறியைக் கொடுத்தார். அரை மணி நேரம் அறுத்துவிட்டு வந்து நுண்ணோக்கியில் பார்த்தால், தொட்டதற்கான அடையாளமே எனக்குப் புலப்படவில்லை. சில்லு மட்டும் நன்றாகவே அறுத்தது, அதையும் சொல்லவேண்டும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அது தனக்குத்தானே வைத்துக்கொண்ட தேர்வு. தொல்லியலாளர் மார்க் நியூகமர் 15 கருவிகளைச் செய்து, தன் விருப்பப்படி பயன்படுத்தி, என்ன செய்தேன் என்று சொல்லாமல் கீலியிடம் கொடுத்தார். முடிவு 1977இல் வெளியானது. மொத்தம் 16 பயன்பாடுகள். எந்தப் பகுதி பயன்பட்டது என்பதில் 14 சரி. எப்படி அசைந்தது என்பதில் 12. எந்தப் பொருள் என்பதில் 10. கடைசி எண்ணைக் கவனியுங்கள். 1986இல் இதே நியூகமர் வேறு சிலருடன் சேர்ந்து நடத்திய தேர்வுகளில், பளபளப்பை மட்டும் பார்த்துப் பொருளைச் சொல்வது இன்னும் மோசமாகத் தடுமாறியது. பெரிய சர்ச்சை எழுந்தது. பளபளப்பைக் கண்ணால் மதிப்பிடுவதோடு நின்றுவிடாமல், பரப்பின் மேடுபள்ளங்களை அளந்து பார்க்கும் கருவிகளும் இன்று துணைக்கு வந்திருக்கின்றன.

கென்யாவின் கூபி ஃபோரா பகுதிக்கு வருவோம். 15 லட்சம் ஆண்டுப் பழமையான 56 கற்களைக் கீலியும் நிக்கலஸ் டோத்தும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். தடயம் கிடைத்தவை ஒன்பதே ஒன்பது. சில இறைச்சி அறுத்தவை, சில மரத்தைச் சுரண்டியவை அல்லது அறுத்தவை, சில புல் போன்ற மென்மையான தாவரத்தை அறுத்தவை. மரவேலை என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த மரப்பொருள் மண்ணோடு மண்ணாகிப் போயிற்று. அதைச் செய்த விளிம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. மீதி 47 கற்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டார்களே, அதனால்தான் இந்த ஒன்பதை நான் நம்புகிறேன்.

நம் பக்கத்துக் கற்கள் இந்த வேலைக்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியும் சரி, அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரிகளும் சரி, பெரும்பாலும் குவார்ட்சைட். சொரசொரப்பான அந்தக் கல்லில் மெல்லிய தடயத்தைப் படிப்பது கடினம்.

அகழாய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல் கிடைத்ததும் தூரிகையால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பத்துக் கற்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை கொடுங்கள். ஒரு விளிம்பில் பளிச்சென்று நேர்க்கோடு ஒன்றைப் பார்த்து நான் ஒரு நாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன். மறுநாள்தான் புரிந்தது, அது மண் சுரண்டும் எங்கள் கொல்லுறு உரசிய உலோகக் கறை.

நன்றி, வணக்கம்.